ரெண்டு சிலிண்டர் வண்டியும் கதிர்வேலும்

போன வாரம் தங்கமணி அக்கா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அக்கா எங்கள் தெருவில் இளநீர் வியாபாரம் செய்பவர். இத்தனை வருஷம் வாடகை வண்டியிலேயே காய் ஏற்றிக்கொண்டிருந்தவருக்கு, பழசாகவாவது சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. பழைய வண்டி வாங்கி விற்கிற இடத்துக்கு எங்கள் பக்கம் 'கன்சல்டிங்' என்று பெயர். அங்கே யார் யாரை என்ன கன்சல்ட் செய்கிறார்கள் என்பது எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

அவிநாசி ரோட்டோரம் தகரக் கொட்டகை. கடைக்காரர் ஒரு வண்டியின் சீட்டைத் தூக்கிக் காட்டினார். இந்தச் சின்ன வண்டிகளுக்கு இன்ஜின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். ஓட்டி நிறுத்தியிருந்த வண்டி போலிருக்கிறது. சூடேறிய ஆயிலும் பழைய ரப்பரும் கலந்த ஒரு வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, சின்ன இன்ஜின் எடுக்கறதுங்களா, பெருசுங்களா?"

பதினைந்து வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டுகிறவன் நான். இதைச் சொல்லத்தான் அழைத்துப் போயிருந்தார். தூக்கியிருந்த சீட்டை இறக்கி மூடிவிட்டு, "மலை ஏறுவீங்களாக்கா?" என்றேன்.

"மலைக்கு நான் எங்கீங்க போறேன்? பொள்ளாச்சி ரோடு, உட்டாச் சூலூரு."

"அப்பச் சின்னதே போதுங்க."

அக்காவுக்குத் திருப்தி. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு கையோடு கொண்டுவந்திருந்த ஒரு இளநீரையும் எனக்கு அங்கேயே வெட்டிக் கொடுத்தார். நான்தான் அந்த வாடையைச் சட்டையில் ஏற்றிக்கொண்டு வீடு வந்தேன். குளித்தும் போகவில்லை. போகாது, எனக்குத் தெரியும்.

கோயமுத்தூர் கணபதியில் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற ஒரு பட்டறையில் நானும் கதிர்வேலும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவன் லேத்தில். நான் கடைந்து வந்ததை எண்ணிப் பெட்டியில் அடுக்குகிறவன். அவன் வேலை கலை என்றும் என் வேலை கட்டுமானம் என்றும் சொல்லிக்கொள்வேன், யாரும் ஒத்துக்கொண்டதில்லை. இரண்டு பேருக்கும் கோபி பக்கம் ஊர். ஆவாரம்பாளையத்தில் ஒரே அறை. அவன் சமைப்பான், நான் பாத்திரம் கழுவுவேன். அவன் வைக்கும் தக்காளிக் குழம்பில் உப்பு எப்போதும் ஒரு கல் தூக்கல். குறை சொன்னால், "அப்ப நீ வைடா" என்பான். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

கரண்ட் போய்ப் போய் வந்த காலம் அது. பாதி நாள் லேத் சும்மா நிற்கும். ஒரு தடவை திம்பம் மலைக்கு மேலே தாளவாடியில் யாருக்கோ பம்பு மாட்டப் போய்விட்டு வந்த கதிர்வேல், சட்டையைக் கூடக் கழற்றாமல் சொன்னான்: "மாப்ளே, அங்க முட்டக்கோசு மலை மாதிரி குமிஞ்சு கெடக்குது. இறக்கறதுக்கு வண்டி இல்லீனு தோட்டங்காட்டுக்காரங்க தவிக்கறாங்க. நாம ஒரு பிக்கப் எடுத்தா என்னடா?"

அதற்கு அடுத்த மாதமே இரண்டு பேரும் பட்டறைக்குக் கும்பிடு போட்டுவிட்டோம்.

உக்கடத்தில் அப்போது ஒரு பெரிய காலியிடத்தில் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். கோட்டைமேட்டு யாசின் பாய்தான் எங்களுக்கு மெக்கானிக். எங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். மனிதர் இன்ஜினைத் தொடும் முன் கையைத் துடைத்துக்கொள்வார். எல்லோரும் தொட்ட பிறகுதானே துடைப்பார்கள்? அவர் எங்களுக்காக இரண்டு வண்டிகளைத் தனியே எடுத்து நிறுத்தினார்.

ஒன்று ரெண்டரை லிட்டர் இன்ஜின், நாலு சிலிண்டர், முன்மூக்கு நீண்ட வண்டி. ஓடுகிறபோது ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளிருந்து லேசாகப் புகை வந்தது. நிறைய உழைத்த வண்டி. பெயின்ட் வெளுத்து, ஒரு பக்கக் கதவு கயிற்றில் நின்றது. இன்னொன்று ரெண்டு சிலிண்டர். முக்கால் லிட்டருக்கும் குறைவான இன்ஜின். மூடியைத் திறந்தால் புகையே இல்லை. வெள்ளை நிறம். யாரோ கண்ணாடிக்கு மேல் சின்னதாக மயில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். நான் அந்த வண்டியைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. பொண்ணு பார்க்கப் போனவன் மாதிரி பல்லிளித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

"பெருசுக்குக் கொஞ்சம் வேலை வெக்கணுங்க, வெச்சுட்டா இழுக்கும். சின்னது சுத்தமா இருக்குது, டீசலும் கம்மியாக் குடிக்கும். எங்க ஓட்டப் போறீங்கங்கறதுதான் கணக்குங்க" என்றார் யாசின் பாய்.

கதிர்வேல் வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன்.

"எல்லாம் சமவெளிதானுங்க பாய். கோபி, பவானி, கோயமுத்தூரு."

பாய் தலையாட்டினார். "அப்பச் சின்னதே எடுங்க."

கதிர்வேல் என்னைப் பார்த்தான். வெளியே டீக் கடையில் வைத்துத்தான் கேட்டான்.

"ஏன்டா அப்படிச் சொன்னே? திம்பம் ஏறணுமே. இருவத்தேழு வளைவுடா."

"மேல போறப்ப காலி வண்டிதானே? இறங்கறப்பத்தான் லோடு. இறக்கத்துல எந்த இன்ஜினா இருந்தா என்ன?"

என் வாதம் எனக்கே பிடித்திருந்தது. அவன் டீயை முடித்துவிட்டு, "செரி, உனக்குப் புடிச்சிருக்குது, எடுத்துக்குவோம்" என்றான். அவன் என்னிடம் தோற்கவில்லை, விட்டுக்கொடுத்தான். அந்த வித்தியாசம் புரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

குறை சொல்லக் கூடாது, முதல் நாலைந்து மாதம் நன்றாகத்தான் போனது. சீட்டுக்கு அடியில் இன்ஜின் என்பதால் உட்காரும் இடம் சுடும். பவானியிலிருந்து ஒரு ஜமக்காளம் வாங்கி மடித்துப் போட்டோம். விடியும்போது பண்ணாரியில் டீ. அங்கிருந்து காட்டுக்குள் ரோடு ஏறும். காலி வண்டி, முனகிக்கொண்டேயானாலும் ஏறிவிடும். திரும்பும்போது கோசுத் தழையின் பச்சை வாடை கேபினுக்குள்ளேயே குடியிருக்கும். இன்றைக்கும் யார் வீட்டிலாவது கோசு நறுக்கினால் எனக்குக் காது அடைக்கிறது. மலை இறங்கும்போது அடைக்குமே, அது மாதிரி. அந்தக் கேபினில் நாங்கள் பேசாத விஷயமில்லை. என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை. பேசிக்கொண்டே இருந்தோம் என்பது மட்டும் இருக்கிறது.

பிறகு எனக்கு ஆசை வந்தது. போகும்போது ஏன் காலியாகப் போக வேண்டும்? தாளவாடியில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவருக்குச் சத்தியமங்கலத்திலிருந்து இருபது மூட்டை சிமெண்ட் வேண்டியிருந்தது. கதிர்வேலைக் கேட்காமல் ஒத்துக்கொண்டுவிட்டேன். மூட்டைகளைப் பார்த்து அவன், "பாதி இன்னைக்கு, பாதி நாளைக்குக் கொண்டுபோலாம்டா" என்றான். "அட, ஏறிரும் வா" என்றேன்.

எட்டு வளைவு ஏறியது. ஒன்பதாவதில் ஃபர்ஸ்ட் கியரிலும் இழுக்காமல் வண்டி திணறி அணைந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். நிற்கிற மாதிரி நின்று மெல்லப் பின்னால் நகர்ந்தது. கதிர்வேல் குதித்து ஓடிப்போய் ரோட்டோரக் கல்லைத் தூக்கிப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். வண்டி நின்றது. மறுபடி எடுத்தேன். அடுத்த வளைவு. மறுபடி அணைந்தது. அவன் கல்லோடு பின்னாலேயே நடந்து வந்தான். கண்ணாடியில் பார்த்து எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பதினோராவது வளைவில் நான் பிரேக்கை ஒரு நொடி முன்னதாக விட்டுவிட்டேன். கல்லை வைத்துவிட்டு அவன் கையை எடுக்கும் முன் வண்டி உருண்டது.

சத்தம் போடவில்லை அவன். "மாப்ளே" என்று மட்டும் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். இடது கையில் இரண்டு விரல் இருந்த இடம் பார்க்க முடியாமல் இருந்தது. என் துண்டைச் சுற்றினேன். எங்கள் வண்டி குறுக்கே நின்றதால் மேலும் கீழும் வண்டிகள் சேர்ந்து ஹாரன் அடிக்கத் தொடங்கின. மைசூரிலிருந்து இறங்கி வந்த பஸ் ஒன்று எங்களுக்கு மேலேயே நின்றிருந்தது. கண்டக்டர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "ஏத்துங்க, ஏத்துங்க, சத்தி ஆஸ்பத்திரில உட்டர்றோம்" என்றார். நாலு பேராகத் தள்ளி வண்டியை ஓரம் ஒதுக்கி பஸ்ஸுக்கு வழி விட்டோம். கதிர்வேலை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். முகம் வெளுத்திருந்தது.

"நீயும் வாடா" என்றான்.

நான் திரும்பி வண்டியைப் பார்த்தேன். வெள்ளை வண்டி, இருபது மூட்டை சிமெண்ட், வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது.

"வண்டிய உட்டுட்டு எப்படிடா வர்றது? நீ போ, நான் பின்னாலயே வாரேன்."

அவன் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் கீழே இறங்கினேன், பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.

பின்னாலேயே போகவில்லை நான். லாரிக்காரர்கள் கைகொடுக்க மூட்டைகளை இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, வண்டியைத் திருப்பிக் கீழே கொண்டுவரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் சத்தியிலிருந்து அவனைக் கோயமுத்தூருக்கு அனுப்பியிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டுப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த, யாரென்றே தெரியாத ஒரு மைசூர்க்காரர், அதுவரை அவனோடேயே இருந்துவிட்டு அப்போதுதான் கிளம்பினார்.

விரல் போனது பற்றிக் கதிர்வேல் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பஸ்ஸைப் பற்றியும் கேட்டதில்லை. ஆறிய பிறகு இரண்டு தடவை என்னோடு வண்டியில் வந்தான். ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். மூன்றாவது தடவை வரவில்லை. லேத்துக்கும் அந்தக் கை தோதுப்படவில்லை. கல்யாணம் ஆகிப் பல்லடத்தில் மாமனார் வீட்டு பேக்கரியைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டான். கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வரிசையில் நின்று மொய்க் கவர் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தேன், எல்லோரையும் போல.

அப்புறம்தான் ரெண்டரை லிட்டர் வண்டி வாங்கினேன். அது எத்தனை லோடு ஏற்றினாலும் திம்பத்தை மூச்சு வாங்காமல் ஏறும். முதல் நாள் ஏறி முடித்து மேலே ஓரம் கட்டிவிட்டு, "பாத்தியாடா?" என்று இடது பக்கம் திரும்பினேன். பக்கத்து சீட்டில் தண்ணீர் கேன் இருந்தது. இன்றும் அங்கே அதுதான் உட்கார்ந்து வருகிறது. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம் பொண்ணு கிடைக்கவில்லை என்பேன். எங்கள் பக்கம் அது எல்லோரும் நம்புகிற பதில். தேடவில்லை என்பதை யாரும் துருவுவதில்லை.

உக்கடத்துக் காலியிடம் இப்போது பாலத்துக்கு அடியில் போய்விட்டது. யாசின் பாய் மகளோடு சென்னையில் இருப்பதாகச் சொன்னார்கள். பட்டறை இருந்த இடத்தில் துணிக்கடை. வெள்ளை வண்டியைக் கடைசியில் பழைய இரும்பு எடைக்குத்தான் போட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன் பல்லடம் வழியாக வரும்போது அவன் பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்தினேன். பலமுறை நிறுத்தாமல் போயிருக்கிறேன், அன்று நிறுத்திவிட்டேன். கதிர்வேல் கல்லாவில் இருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டான்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேனுங்க" என்றேன். என் வாயிலும் அந்த 'ங்க'தான் வந்தது.

டீயும் தேங்காய் பன்னும் வரச் சொன்னான். வாசலில் நின்ற வண்டியை எட்டிப் பார்த்து, "ரெண்டரை லிட்டருங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "மலைக்கு அதான் நல்லதுங்க" என்றான். குத்தலே இல்லை. கடைக்கு வந்த யாருக்கும் சொல்கிற மாதிரி நல்ல மனதோடு சொன்னான். அந்த பஸ்ஸில் நானும் ஏறியிருக்க வேண்டும் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அதை 'ங்க' போட்டு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டேன்.

"இந்தப் பக்கம் வந்தா வாங்க" என்றான்.

"வாரேனுங்க" என்று சொல்லி வண்டியில் ஏறினேன்.

அப்பா முன்பே போய்விட்டார். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. தங்கமணி அக்காகூட 'வாங்க தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார். மரியாதைக்கு எங்கள் ஊரில் எப்போதும் குறைவில்லை. என்னை 'வாடா' என்று கூப்பிடத்தான் இப்போது யாருமில்லை.