வலி நின்ற பல்

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். தீபாவளி சீசனில் யார் லீவு கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வருடம் திரி வைக்கும் பெண் ஒருத்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பல்லு வலியில உயிர் போகுது அண்ணாச்சி. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்."

"லோடு போற வரைக்கும் பொறு தாயி" என்று சொல்லி, கிராம்பைக் கடிக்கச் சொன்னேன்.

நாலாம் நாள் வலி நின்றுவிட்டது. "பாத்தீகளா, டாக்டர் இல்லாமலே சரியாயிருச்சு" என்று எல்லார் முன்னாலும் பீற்றிக்கொண்டேன். இரண்டே வாரத்தில் அவளுக்கு முகமே கோணும்படி வீங்கியது. பல்லைப் பிடுங்கிப் போட்டார்கள்.

இந்த வருடம் வலி என் கடைவாய்ப் பல்லில். விருதுநகர் பல் டாக்டர் விளக்கினார்: "வலி தானா நின்னா, உள்ள நரம்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம். சீழ் எலும்புக்குள்ள இறங்கிரும். நீங்க சீக்கிரமா வந்தீங்க. வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சு, பல்லைக் காப்பாத்திரலாம்."

மூன்று முறை போனேன். மூன்றும் வேலை நாள்தான்.

பல்லுக்குக் கேப் போட்டுக்கொண்டு வந்த மறுநாள் இன்னொருத்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். புதுக் கேப்பை நாக்கால் தடவிக்கொண்டே சொன்னேன்:

"கிராம்பைக் கடி தாயி. நாலு நாள்ல வலி நின்னுரும்."