மரத்தடியில் மூட்டிய தீ

எங்களுக்குக் கல்யாணமான புதிது. ஊரிகம் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த என் கணவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் காடு பார்க்கக் கூட்டிப்போனார். பகலெல்லாம் பூமிக்கடியில் கிடக்கிறவர், ஏரிக்கரை நெடுகக் கண்ட பூவையெல்லாம் பறித்து என் கையில் கொடுத்துக்கொண்டே வந்தார்.

காட்டில் ஒரு பெரிய மரத்தடியில் உட்கார்ந்தோம். "இன்னா காத்து புள்ள! இங்கியே ஒரு குடிசை போட்டுக்கலாமா?" என்று சிரித்தார். கூழுக்குக் கருவாடு சுடலாமென்று தீ மூட்டினார். சுள்ளி ஈரம், புகை மேலே ஏறியது. உச்சிக்கிளையில் மலைத்தேன் கூடு தொங்கியதை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

தேனீக்கள் திரளாக இறங்கின. அவர் என்னைக் கீழே தள்ளி, எங்களிடம் இருந்த ஒரே சின்னக் கம்பளியால் மூடி, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.

"நீங்களும் உள்ள வாங்க!" என்று கதறினேன்.

"அசையாத. கம்முனு படு" என்றார். அதன்பின் அவர் பேசவில்லை.

இரைச்சல் அடங்கி வெளியே வந்தபோது அவர் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஆடு மேய்த்தவர்கள் மாட்டுவண்டி பிடித்து ஏற்றிவிட்டார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடு சேருமுன் உயிர் போய்விட்டது.

இப்போது எங்கள் லைன் பெண்கள் விறகுக்குப் போனால் நானும் போகிறேன். அண்ணாந்து பார்க்காமல் யாரையும் மரத்தடியில் தீ மூட்ட விடுவதில்லை.

"இன்னாக்கா, இவ்ளோ பயம்?" என்று போன வாரம் ஒருத்தி சிரித்தாள். அவள் தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட இன்னும் மங்கவில்லை. அவளைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.