அண்ணாச்சி கணக்கில் மாதாமாதம் போன பணம்

"என் தம்பி என் கார்டுல திருடுறான் மேடம். அதுக்கு பேங்க்ல ஒரு பேப்பர் எழுதித் தருவீகளா?"

தனபாலன் அண்ணாச்சி நாற்காலியில் உட்காராமலே இப்படித்தான் ஆரம்பித்தார். சிவகாசியில் வெடி லேபிள் அடிக்கும் பிரஸ் வைத்திருப்பவர். எங்கள் கிளையில் பல வருட வாடிக்கையாளர். பணி ஓய்வுக்கு முந்திய சில ஆண்டுகள் நான் கார்டு டெஸ்க்கில் இருந்தேன். ஏடிஎம்மில் மாட்டிய கார்டு, மறந்துபோன பின் நம்பர் என்று தினமும் பார்த்துப் பழகியிருந்தேன். சொந்தத் தம்பியைத் திருடன் என்று எழுதித் தரச் சொல்லி யாரும் வந்ததில்லை.

"மொதல்ல உக்காருங்க அண்ணாச்சி. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

பிரஸ் கணக்கு அண்ணாச்சி பெயரில் இருந்தது. ஆனால் டெபிட் கார்டு தம்பி கதிரேசனிடம் இருக்கும். மை, பிளேட் என்று ஆன்லைனில் வாங்குவதெல்லாம் அவர்தான். வரி வேலைக்காக ஆடிட்டர் ஸ்டேட்மென்ட் கேட்டபோதுதான் அண்ணாச்சி அதை வரிவரியாகப் பார்த்திருக்கிறார். மாதம் ஒருமுறை, வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயருக்குப் பணம் போயிருக்கிறது.

"அவன்ட்ட கேட்டேன். எனக்குத் தெரியாதுங்கான். கார்டு அவன்ட்ட இருக்கு, அவனுக்குத் தெரியாம எப்படிப் போவும்? இதைப் பாருங்க. ஒரு மாசம் கொஞ்சம் கூட, ஒரு மாசம் கொஞ்சம் கொறைய. சந்தேகம் வரக்கூடாதுன்னு மாத்தி மாத்தி எடுக்கான்."

தம்பி அன்றிலிருந்து பிரஸ்ஸுக்கு வரவில்லையாம். சீசன் நேரம். லேபிளுக்காக வெடிக் கம்பெனிகள் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தன. ஒரே வீட்டின் மாடியிலும் கீழேயும் இருந்த இரண்டு குடும்பங்களும் பேசிக்கொள்வதில்லை.

"ரெண்டு மெஷின் இருக்கு. ஒண்ணை அவன்ட்ட குடுத்துட்டுப் பிரிஞ்சிக்கிடப் போறேன். ஆடிட்டர்ட்டயும் சொல்லிட்டேன்," என்றார்.

நான் ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் பார்த்தேன். தொகை மாறியது. ஆனால் தேதி மாறவில்லை. எல்லா மாதமும் ஒரே தேதி. திருடுகிறவர் இப்படி நாள் பார்த்து எடுப்பதில்லை. தொகை முன்னே பின்னே இருந்ததற்கும் காரணம் இருந்தது. கட்டணம் டாலரில் இருந்தால், அன்றைய ரேட்டுக்கு ஏற்ப ரூபாயில் மாறும். கம்ப்யூட்டரில் அந்தக் கார்டின் விவரத்தைத் திறந்தேன். 'இ-மேண்டேட்' என்று ஒன்று பதிவாகியிருந்தது. மாதாமாதம் தானாக எடுத்துக்கொள்ள, வாடிக்கையாளர் தரப்பிலிருந்தே கொடுக்கும் அனுமதி அது. ஓடிபி போட்டுத்தான் பதிவாகியிருந்தது.

"இது திருட்டு இல்ல அண்ணாச்சி. ஏதோ ஒரு சந்தா. யாரோ சம்மதம் குடுத்துருக்காங்க. ஓடிபி எந்த நம்பருக்கு வரும்?"

அவர் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தார். "எனக்குத்தான் வரும்," என்றார்.

போனை வாங்கி எங்கள் வங்கி அனுப்பிய குறுஞ்செய்திகளைத் தேடினேன். ஒவ்வொரு மாதமும் பணம் எடுப்பதற்கு முந்தைய நாள் அறிவிப்பு வந்திருந்தது. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை.

"லோன் வேணுமான்னு கேப்பாகன்னு நான் எதையும் தொறக்கதே இல்ல," என்றார்.

மேனேஜரிடம் சொல்லிவிட்டு நானே கதிரேசனுக்குப் போன் செய்தேன். வர மறுத்தார். "திருடன்னு சொன்ன மனுசன் பக்கத்துல நான் எதுக்கு மேடம் வந்து உக்காரணும்?" என்றார். "அப்படிச் சொன்னது தப்புன்னு அவருக்குத் தெரியணும்ல? அதுக்காவது வாங்க. பிரஸ் லேப்டாப்பையும் எடுத்துட்டு வாங்க," என்றேன்.

வந்தார். அண்ணனுக்கும் தனக்கும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தார். இருவரும் என்னிடம்தான் பேசினார்கள்.

முதல் தொகை போன மாதத்தைச் சொல்லி, "அதுக்குக் கொஞ்சம் முன்னாடி பிரஸ்ல புதுசா என்ன வேலை நடந்துச்சு?" என்று கேட்டேன்.

கதிரேசன் யோசித்தார். "ராக்கெட் பாக்கெட்டுக்குப் புலிப் படம் போட்டு ஒரு லேபிள் கேட்டாக. அம்சமான புலியா வேணும்னாக. ஒரு வெப்சைட்ல படம் எடுத்தோம். ஒரு வாரம் ஃப்ரீன்னு போட்டிருந்துச்சு. கார்டு நம்பர் கேட்டுச்சு, குடுத்தோம். ஆனா அந்த வெப்சைட் பேரு வேற மேடம்."

கடை போர்டில் ஒரு பெயரும் பில்லில் வேறு பெயரும் இருப்பதுபோலத்தான் இதுவும் என்று விளக்கினேன். அவர் லேப்டாப்பில் அந்தத் தளத்தைத் திறந்தார். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ஸ்டேட்மென்ட்டில் இருந்த அதே பெயர்.

"ஓடிபி வந்தப்ப அவுக இருக்கன்குடி கோயில்ல இருந்தாக. போன் பண்ணிக் கேட்டேன், சொன்னாக. அவுகட்டயே கேளுங்க," என்றார் அண்ணனைப் பார்க்காமலே.

அண்ணாச்சி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "கூட்டத்துல நின்னுக்கிட்டு ஏதோ நம்பர் சொன்னேன். இப்பத்தான் ஞாவகம் வருது."

முதலில் தளத்திலேயே சந்தாவை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தும் பொத்தான் லேசில் அகப்படவில்லை. அகப்பட்ட பிறகும் ஏன் போகிறீர்கள், பாதி விலைக்குத் தரட்டுமா என்று பக்கம் பக்கமாகக் கேட்டது. கடைசியில் ரத்தானதாக மெயில் வந்தது. அடுத்து வங்கிப் பக்கத்தில் மேண்டேட்டையும் ரத்து செய்ய வேண்டும். அதற்கு ஓடிபி அண்ணாச்சியின் போனுக்கு வந்தது. அவர் என்னைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினார்.

"என்கிட்ட சொல்லக் கூடாது அண்ணாச்சி. பேங்க்காரங்க யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. லேப்டாப் உங்க தம்பிகிட்ட இருக்கு. அவர்ட்ட காட்டுங்க. நேரம் போயிட்டிருக்கு."

அண்ணாச்சி எழுந்து, நடுவிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். போனைத் தம்பியின் முன்னால் நீட்டினார். "கண்ணாடி கொண்டு வரல. நீயே பாத்துப் போடுலே," என்று ஒரு சாக்குச் சொன்னார். அன்று தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. கதிரேசன் பார்த்துத் தட்டினார். ரத்தாகிவிட்டது.

பிறகு கதிரேசன், "என்கிட்ட இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்," என்றார். கோபமாக அல்ல, மெதுவாக.

"கேட்டிருக்கணும்," என்றார் அண்ணாச்சி. "உம் மதினி அன்னைக்கே சொன்னா, அவன் அப்படிச் செய்ய மாட்டான்னு. நாந்தான் கேக்கல."

பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்தக் கம்பெனிக்கு மெயில் எழுத வைத்தேன். பயன்படுத்தாத கடைசி மாதத்துக்கு மட்டும் திருப்பித் தந்தார்கள். பழைய மாதங்களுக்குத் தர மறுத்துவிட்டார்கள். அண்ணாச்சி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறு மாதம் அந்தத் தேதி தாண்டியதும் போன் செய்தார். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "ஒண்ணும் போவல மேடம். தம்பியும் நல்லாப் பாத்துட்டான்," என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

புதிதாகக் கார்டு டெஸ்க்கில் உட்காருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். சந்தாவைத் தளத்திலும் வங்கியிலும் இரண்டு இடத்திலும் நிறுத்தச் செய்யுங்கள். கார்டைப் பிளாக் செய்தால் போதும் என்று அனுப்பிவிடாதீர்கள், சந்தா தளத்தில் உயிரோடுதான் இருக்கும். மற்றொன்று, வருகிறவர் யார் எடுத்தது என்றுதான் கேட்பார். நீங்கள் எப்போது தொடங்கியது என்று கேளுங்கள். யார் என்ற கேள்விக்கு வீட்டில் இருக்கிற யாராவது ஒருவர்தான் பதிலாகத் தெரிவார்.

மேண்டேட் ரத்தான அன்று, வங்கியை விட்டுக் கிளம்பும்போது அண்ணாச்சி வாசலில் நின்று ஆடிட்டருக்குப் போன் போட்டார். "அந்தப் பிரிக்கிற பேச்சு இருக்குல்ல, அதை விட்ருங்க. நாங்க மெஷினை ஓட்டப் போறோம்," என்று அவர் சொன்னது கவுண்டர் வரைக்கும் கேட்டது.