அப்பா பாதியில் நிறுத்திய ஜெபம்

ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் வெக்கையும் கோரைப்பாயின் வாசனையும் கண்மூடி நிற்கும் நாற்பது பேரின் மூச்சும் கலந்து கிடக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், நான் மட்டும் முக்காட்டுக்குள் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பேன். திருவண்ணாமலையில், வேட்டவலம் ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்த அந்த ஷெட்தான் எங்கள் சபை, அப்பாதான் பாஸ்டர். பிரசங்கம் முடிந்ததும் அவர் குரலைத் தாழ்த்தி, "மனந்திரும்பணும்னு நெனைக்கிறவங்க முன்னால வாங்க" என்பார். வருகிறவர்கள் முழங்காலில் நிற்க, அப்பா ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்வார்கள்: "ஆண்டவரே, நான் பாவி. என்னை மன்னியும்." எழுந்திருக்கும்போது சிலரது முகம் வேறு முகமாகியிருக்கும். அதைப் பார்க்கத்தான் எனக்கு அந்த ஒற்றைக் கண்.

அப்பாவும் ஒரு காலத்தில் அந்த ஜெபத்தை இன்னொருவர் சொல்லத் திருப்பிச் சொன்னவர்தான். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் "மல்லாட்டை" போடும் குடும்பம் அவருடையது. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. கல்யாணத்துக்கு முன்பே அவர் "வேதத்துல சேர்ந்துட்டாரு" என்று ஊர் ஒதுங்கியபோதும் தாத்தா மட்டும் பேச்சை விடவில்லை. நான் ஐந்தாவது படித்த வருஷம் தாத்தா படுத்துவிட்டதாகச் சேதி வந்தது; நாளைக்குப் போகலாம் என்று அப்பா தள்ளிப்போட, மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். சேதி சொல்ல வந்த ஆளிடம் அப்பா, "வந்தா சடங்குல நிக்கச் சொல்லுவாங்க. என்னால ஆவாதுன்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க" என்றார். போகவே இல்லை. அதற்குப் பிறகு பெரியப்பா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை; அவர் பேச்சை எடுத்தாலே அப்பா வேதப்புத்தகத்தை விரித்துக்கொள்வார்.

மறு வருஷம் மல்லாட்டை பிடுங்கும் சமயம். அரிசி மில்லில் மூட்டை தூக்கும் ஒருவர் முதல் தடவையாகச் சபைக்கு வந்து, அன்றைக்கே முன்னால் போய் நின்றார். "நான் பாவி" என்று அப்பா சொல்ல, அவரும் சொன்னார். அடுத்த வரிக்குக் காத்திராமல் அவராகவே, "எங்கப்பா சாவக் கெடந்தப்போ போய்ப் பாக்காம வுட்டுட்டேன் சாமி" என்று விம்மினார்.

அப்பாவின் அடுத்த வரி வரவில்லை. கண்மூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண் திறந்தார்கள். அப்பா மேடையைவிட்டு இறங்கி, அந்த மனிதரின் பக்கத்தில் முழங்காலில் விழுந்து, "நானும் போகல ஆண்டவரே" என்றார். எத்தனையோ பேருக்கு அந்த ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்தவருக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. அம்மாதான் எழுந்து மீதியைச் சொல்லி முடித்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது; அந்த வயதில் அது பயமா பக்தியா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மறுநாள் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார். தனியாகப் போக அவருக்குப் பயமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. பெரியப்பா களத்தில் மல்லாட்டையைக் காயப் பரப்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் அவர் கை நிற்கவில்லை. அப்பா அந்தப் புழுதியிலேயே, வெள்ளை வேட்டியோடு முழங்காலிட்டார்.

"அண்ணா, நான் வராதது தப்பு. மன்னிச்சிடுங்க."

பெரியப்பா கூடையில் மீதியிருந்த மல்லாட்டையையும் கொட்டிப் பரப்பினார். பிறகு, "எந்திரி. மண்டி போடறதெல்லாம் உங்க சாமிகிட்ட வச்சிக்க" என்றார். அப்பா எழுந்திருக்கவில்லை. "கடைசி மூணு நாளும் உன்னத்தான்டா கேட்டாரு. வந்துடுவான்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிச்சிப்போச்சு" என்றபோது பெரியப்பாவின் குரல் உடைந்தது. அப்பாவின் தோளைப் பிடித்துத் தூக்கி, ஏரிக்கரைச் சுடுகாட்டுக்குக் கூட்டிப்போனார். தாத்தாவை எரித்த இடத்தில் அப்பா குனிந்து, சத்தமில்லாமல் அழுதார். பெரியப்பா வேப்பமரத்தடியில் குந்தி, அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். பெரியவர்கள் இரண்டு பேர் அப்படி இருப்பதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை; மூச்சுவிடக்கூடக் கூச்சமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சபைக்கு முன்னால் நின்று இதையே சாட்சியாகச் சொன்னார். "பாஸ்டரே இப்படியா" என்று இரண்டு குடும்பங்கள் சபையை விட்டுப் போயின. பெரியப்பா வந்தார், கூட்டத்துக்கு அல்ல, ஒரு மூட்டை மல்லாட்டையோடு வீட்டுக்கு.

இப்போது அந்த ஷெட் இல்லை. அங்கே இரண்டு மாடிச் சபை எழும்பியிருக்கிறது. பாவமன்னிப்பு ஜெபத்தின் வரிகள் சுவர்த் திரையில் பெரிய எழுத்தில் ஓடுகின்றன, யாரும் தடுமாறுவதில்லை. பெரியப்பாவின் களம் மனைக்கற்கள் நட்ட பிளாட்டாகிவிட்டது. அண்ணனும் தம்பியும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். அப்பாவின் கடைசி வருஷத்தில் அவரிடம் ஒருதரம் கேட்டேன், அன்றைக்குப் பெரியப்பா மன்னிக்காமல் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று.

"மறுநாளும் போயிருப்பேம்மா" என்றார். "பஸ்ஸு தெனமும் போவுதே."