சந்தனம் மணத்த தோட்டா

ஊரில் போரின் வெடிச் சத்தத்துக்கு ஓடி வந்தவன் லண்டனில் வெடி வைக்கப் போனேன் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். என் மனைவி சிரிக்கவில்லை.

“ஷெல்லுக்குப் பயந்து வந்தனாங்கள். இஞ்ச வந்து வெடி வைக்கிற விளையாட்டோ?” என்றாள். பக்கத்து வீட்டுக் கதவு அடித்தாலே காதைப் பொத்துகிறவள் அவள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என்னோடு கிடங்கில் வேலை செய்த வெள்ளைக்காரர், பழைய காலத்துச் சண்டைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் நடித்துக் காட்டும் ஒரு குழுவில் சார்ஜன்ட். வேடிக்கை பார்க்கப் போன எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஒரு வருடம் அவர்களுக்குத் தண்ணீர் வாளி தூக்கினேன். பொலிஸ் வீட்டுக்கு வந்து பார்த்துத் துப்பாக்கி உரிமமும் தந்தது. மூன்று வெடி பிசகாமல் வைத்துக் காட்டினால் துவக்கோடு வரிசையில் நிற்கலாம். பிசகினால் இன்னொரு வருடம் வாளிதான் என்று சார்ஜன்ட் சொல்லிவிட்டார்.

குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துவக்கு அது. அதற்குத் தோட்டாவைக் கடதாசியில் நாங்களே சுருட்ட வேண்டும். குண்டு கிடையாது, சத்தமும் புகையும் மட்டும்தான். ஈஸ்ட் ஹாம் சேலைக்கடையில் சேலை மடிப்புக்குள் வைக்கிற மெல்லிய தாளைக் கேட்டு வாங்கினேன். சுருட்டுவதற்கு அளவான தடி வேறு கிடைக்காமல், வீடு கூட்டுகிற தும்புத்தடியின் பிடியில் ஒரு சாண் அறுத்தேன். அதற்கு வாங்கிய ஏச்சு தனிக்கதை. முதல் பத்தும் கோணல் மாணல். பிறகு கை பழகிவிட்டது. மருந்து நிரப்பி, வால் முறுக்கி, இருபது தோட்டாவை மரப்பெட்டியில் அடுக்கிய அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

மறுநாள் மைதானத்தில் வரிசைக்கு முன்னால் தனியே நின்றேன். தோட்டாவின் வாலைப் பல்லால் கடித்துக் கிழித்தேன்.

வாயெல்லாம் சந்தனம்!

மருந்து கொட்டவில்லை. மாவிளக்குப் போலக் கட்டிபட்டுக் கிடந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் வட்டமாக ஒரு மஞ்சள் பொட்டு, சுற்றிவர ஈரம். சார்ஜன்ட் தண்ணீர் வாளியைக் காட்டினார். அடுத்த மாதம் ஒரேயொரு முறை பார்க்கலாம் என்று பிறகு இரங்கினார்.

கொதித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பெட்டியை மேசையில் வைத்தேன்.

“இதுக்கு ஆர் சந்தனம் வச்சது?”

“நான்தான். விடிய முழுகிப்போட்டு, சாமிப் படத்துக்கு முன்னால வச்சு, ஒவ்வொண்டுக்கும் பொட்டு வச்சனான்.”

“விளக்குக்குப் பக்கத்திலயோ!”

“விளக்குக் கொளுத்தேல்லை. எனக்கென்ன விசரோ?”

“ஒண்டும் வெடிக்கேல்லையப்பா!”

“உங்களுக்கு ஒண்டும் நடக்கக் கூடாதெண்டு வச்சனான். நடக்கேல்லைத்தானே?”

என் கோபம் அந்த இடத்திலேயே செத்தது. வெடி என்ற சொல்லுக்கே நடுங்குகிறவள் இருபதையும் தனித்தனியாகக் கையில் எடுத்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதத்துத் தோட்டாக்களை இருவரும் சேர்ந்து சுருட்டினோம். என்னுடையதைவிட அவளுடையவை நேர்த்தி. பொட்டு இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். கடைசியில் விபூதிக்கு இறங்கினாள். அது காய்ந்த சாமான்தானே!

அந்த ஞாயிறு அவளும் வந்தாள். முதல் வெடி தோளை உலுக்கியது. இரண்டாவதில் எனக்கே கூவ வேண்டும் போலிருந்தது. மூன்றாவதன் புகைக்குள் கண் தெரியவில்லை. சார்ஜன்ட் வாய் திறக்குமுன், கயிற்றுக்கு அப்பாலிருந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றவளின் குரல்தான் மைதானம் முழுக்கக் கேட்டது:

“மூண்டு!”