ஈரல்காரி ஒடிலின் மசக்கை

ஒடில் தொபாவுக்கு முப்பத்தொன்பதாவது வயதில் பிள்ளை உண்டாயிற்று. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். தான் லூர்து மாதாவிடம் போய் மண்டியிட்டதன் பலன் என்று மாமியார் உகெத் சொன்னாள். டிராக்டர் ரிப்பேராகி ஒரு வாரம் வீட்டிலேயே கிடந்ததன் பலன் என்று புருஷன் ரெஜிஸ் சொன்னான். ஒடில் இரண்டு கட்சிக்கும் பொதுவாகச் சிரித்து வைத்தாள்.

பிரான்ஸின் ஜெர்ஸ் மாவட்டத்தில் அவள் கைக்கு ஒரு பேர் இருந்தது. காலையும் மாலையும் இருநூறு வாத்துகள். முக்காலியில் உட்கார்ந்து, ஒன்றைத் தொடைக்கு நடுவே இடுக்கி, கட்டைவிரலால் அலகைத் திறந்து, குழாயைத் தொண்டையில் இறக்கி, மக்காச்சோளத்தைச் செலுத்தி, கழுத்தை நீவி விட்டால் தீர்ந்தது. பன்னிரண்டு நாளில், விருந்துக்கு நல்ல விலை போகும் அந்த ஈரல் வெண்ணெய்க் கட்டி மாதிரி ஊதிவிடும். 'எனக்கு வேண்டாம்' என்று ஒரு வாத்தும் அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர்தான் அவள் வாயில் மண்ணைப் போட்டார்.

"பூனைகிட்டேருந்து வர்ற கிருமி ஒண்ணு இருக்கு. அதுக்கு எதிர்ப்புச் சக்தி உங்க ஒடம்புல இல்ல. அரைவேக்காட்டு ஈரல் பிள்ளை பொறக்கற வரைக்கும் கூடாது. ஈரலே அளவாத்தான்."

"டாக்டர், நான் ஈரல்காரி."

"தெரியும். வேணும்னா டின்ல அடைச்சு நல்லா வெந்தது எப்பவாச்சும் ஒரு வாய் சாப்பிடுங்க."

"அது பாரிஸ்காரங்களுக்கு விக்கிறது" என்றாள் ஒடில், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

கிறிஸ்துமஸ் விருந்தில் உகெத் அரைவேக்காட்டு ஈரலில் ரோஜா நிறத்தில் ஒரு துண்டை நறுக்கி மருமகள் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடு. நாலு பெத்தேன், நாலு தடவையும் தின்னேன். என்ன ஆச்சு?"

"ரெஜிஸ் பொறந்தானே அத்தை. அதைப் பாத்துட்டுத்தான் டாக்டர் வேண்டாங்கறார்."

ரெஜிஸ் அந்தத் துண்டைத் தன் ரொட்டிமேல் எடுத்து வைத்துக்கொண்டான். ஒடில் அவித்த வெங்காயத்தாளைத் தின்றபடி, அவன் மெல்லுவதைக் கடைசி வரை பார்த்தாள். அன்றைக்கு அவள் மனசில் ஓடியதை எந்தப் பாதிரியாரிடமும் சொல்ல முடியாது.

பிரசவ வகுப்பு எடுத்த மருத்துவச்சி செவ்ரினுக்கு வயது இருபத்தாறு. எடை பார்த்துவிட்டு, "மாசம் ஒரு கிலோவுக்கு மேல ஏறக் கூடாது. ரெண்டு பேருக்குச் சேத்துத் திங்கறேன்னு அளவு மீறாதீங்க" என்றாள். தன் பிழைப்பையே பழிப்பது போல ஒடிலுக்குப் பட்டது. அடுத்து, வலி வரும்போது மூச்சை எப்படி விடுவது, புருஷன் பெண்டாட்டியின் முதுகை எப்படிப் பிடித்து விடுவது என்று பாடம். ரெஜிஸ் மும்முரமாக அவள் கழுத்திலிருந்து கீழ்நோக்கி நீவினான்.

"என்ன செய்யறீங்க?" என்றாள் செவ்ரின்.

"தொண்டையில நிக்கிறதக் கீழ எறக்கறேன்."

மற்ற ஐந்து ஜோடிகளும் சிரித்ததில் மூச்சுப் பயிற்சி அதோடு நின்றது.

மார்ச் மாதம் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. ஒடில் கையில் வாங்கியதும் இரண்டு தரம் தூக்கிப் பார்த்து, "ரெண்டே முக்கால் கிலோ" என்றாள். தராசு இருபது கிராம் குறைத்துச் சொல்லிற்று. கிளெமான்ஸ் என்று பெயர் வைத்தார்கள். சின்ன உடம்பு, பெரிய பிடிவாதம். மார்பைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. முதல் நாள் அப்படி. இரண்டாம் நாளும் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்த சொட்டுப் பாலோடு சரி.

"இருநூறு வாத்துக்கு ஊட்டறவளுக்கு ஒரு பிள்ளைக்கு ஊட்டத் தெரியலையா?" என்றாள் உகெத். "வாயைத் தொறந்து வையேன்."

பழக்க தோஷம், ஒடிலின் கட்டைவிரல் தானாகக் குழந்தையின் தாடைக்குப் போயிற்று. குழந்தை வீறிட்டது. அவள் சுட்டுக்கொண்டது போலக் கையை இழுத்துக்கொண்டாள். அந்த வருஷத்தில் அவள் அழுதது அப்போதுதான்.

சத்தம் கேட்டு செவ்ரின் வந்தாள். "எதையும் திணிக்காதீங்க. சட்டையக் கழட்டிட்டு நெஞ்சுமேல போட்டுக்கிட்டுச் சும்மா படுங்க. அதுவே தேடிக்கும்."

சும்மா படுப்பது ஒடில் ஒருநாளும் செய்யாத வேலை. படுத்தாள். மருத்துவச்சியின் வயதைப் பற்றி உகெத் ஏதோ சொல்ல, ரெஜிஸ் பதில் சொல்ல, கட்டிலின் இரண்டு பக்கமும் சண்டை முற்றியது. நடுவில் அந்தச் சின்னத் தலை முட்டி முட்டி நகர்ந்து, தடவிப் பார்த்து, கப்பென்று பிடித்துக்கொண்டது.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றாள் ஒடில் மெதுவாக.

மூடினார்கள். உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் ரெஜிஸ் முன்கை முழுக்கக் கீறலோடு வந்து நின்றான். நிறைமாதத்தில் அவள் முக்காலியை விட்டு எழுந்த நாளிலிருந்து இந்த இரண்டு வாரமும் வாத்துகளுக்கு அவன்தான் ஊட்டியிருந்தான். அன்று காலை ஈரல் சந்தை.

"வியாபாரி என்ன சொன்னான்?"

"தட்டுல ஈரல் சைஸப் பாத்துட்டு, புறா வளக்கறீங்களான்னு கேட்டான்."

தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒடில் சிரித்தாள். குழந்தை அதற்கெல்லாம் அசரவில்லை, குடித்துக்கொண்டே இருந்தது.