அக்காவின் இடது கை

வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன் தயாரிக்கும் தொழிற்சாலையில் அக்காவின் இடது கைக்குத்தான் சம்பளம் என்று நாங்கள் கேலி செய்வோம். பதினெட்டு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. ஒவ்வொரு கலவையிலும் துளி எடுத்து முன்கையில் தேய்த்து, விளக்கடியில் பிடித்து, வெள்ளை தெரிகிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

முன்பெல்லாம் கை சுண்ணாம்படித்த சுவர் மாதிரி வெளுத்துக் கிடக்கும். வெள்ளை போகும்வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவாள். இப்போது அந்த வெள்ளையைத் தரும் துத்தநாகப் பொடியைக் கண்ணுக்கே தெரியாத நானோ அளவுக்கு நுணுக்கிவிட்டார்கள். தேய்த்த மறுகணம் மாயமாகிவிடுகிறது. வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம். அக்காவுக்குத்தான் எப்போது கழுவி முடிப்பது என்று தெரியவில்லை. என் மகளை வலது கையால் மட்டுமே தூக்குகிறாள். பஸ்ஸில் இடது பக்கம் யாராவது உட்கார்ந்தால் எழுந்து நின்றுகொள்கிறாள்.

பொறுக்கமாட்டாமல் லேப் கெமிஸ்டிடம் போய்க் கேட்டாள்.

“அது தோல் மேலேயே நின்னுடும்மா, உள்ள போகாது,” என்றார் அவர்.

“அப்ப நிக்கிறதைக் காட்டுங்க சார், கழுவிட்டுப் போறேன்.”

அவர் சிரித்தாராம். சிரிக்கிற விஷயமா இது?

நேற்றுச் சாயங்காலம் வந்ததும் வராததுமாகக் குழாயடிக்குப் போனாள். மூன்று தடவை கழுவியும் மனசு ஆறவில்லை. மறுபடி சோப்பை எடுத்தபோது அத்தான் அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணுமே தெரியலையே! இன்னும் எதைக் கழுவுற?”

“நாள் முழுக்க நானும் அதைத்தானே பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன்,” என்றாள் அக்கா, குழாயை மூடாமலே.